சயாமா பதில்கள்: சத்தம் வராமல் அழுத பிள்ளை

சயாமா என்றால் பர்மாவில் மருத்துவச்சி. அப்படி வேலை பார்த்த எனக்கு இந்த மாதம் பதினொரு கடிதங்கள். அதில் ஒன்றைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தவள்தான், இரண்டு நாள் மற்றதைத் தொடவில்லை. பக்கத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீனி வியாதி பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் அடுத்த மாதம்.

கேள்வி: சயாமா அக்காவுக்கு வணக்கம். நாங்கள் சௌத்தான் பக்கம் கிராமம். வீட்டுக்காரர் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறார். எனக்குத் தலைப்பிள்ளை ஆண். பிறக்கும்போது நல்ல எடை. தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். இரண்டரை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாந்தி எடுத்தான். வாயைத் திறந்து அழுகிறான், சத்தம் வரவில்லை, காற்றுதான் வருகிறது. மூச்சு வாங்கியது. விடிவதற்குள் போய்விட்டான். காய்ச்சல் இல்லை. மாமியார் கண்ணேறு என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் என் பால்தான் விஷம் என்று பேசிக்கொள்கிறார்கள். இப்போது எனக்கு ஏழு மாதம். இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? எனக்குக் கால் அடிக்கடி மரத்துப் போகிறது, அதையும் எழுதச் சொன்னார் வீட்டுக்காரர்.

பதில்: தங்கச்சி, அக்கா என்று எழுதிவிட்டாய், நானும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

கொடு. தாராளமாகக் கொடு. உன் பால் விஷம் இல்லை. பாலில் கெட்டது எதுவும் கலக்கவில்லை. கலந்திருக்க வேண்டிய ஒன்று கலக்காமல் போயிருக்கலாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

பிள்ளையைக் கண்ணால் பார்க்காத நான் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நெஞ்சில் சளி கட்டினாலும் மூச்சு வாங்கும். பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு இருந்தாலும் வாங்கும். ஆனால் கொழுகொழுவென்று இருந்த, தாய்ப்பால் மட்டுமே குடித்த இரண்டு மூன்று மாதப் பிள்ளை, காய்ச்சல் இல்லாமல், திடீரென்று பால் மறுத்து, வாந்தி எடுத்து, குரல் போய், ஒரே ராத்திரியில் போகிறது என்றால், பர்மாவில் வேலை பார்த்த எந்தச் சயாமாவுக்கும் முதலில் மனதில் வருகிற பெயர் பெரிபெரி. கடைசி வரியில் போகிற போக்கில் கால் மரத்துப் போகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் என் சந்தேகம் பலமாகிவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல். எழுதச் சொன்ன மனுஷன் புத்திசாலி.

பெரிபெரி என்ற பேரே சிங்களத்திலிருந்து வந்தது, 'முடியவில்லை, முடியவில்லை' என்று அர்த்தம் என்பார்கள். தயமின் என்கிற வைட்டமின் உடம்பில் குறைவதால் வருவது. மருந்துக்கடையில் பீ-ஒன் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். உடம்பு இதைச் சேமித்து வைக்காது. கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். தாய்க்குக் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், கெண்டைக்கால் வலிக்கும், ஆனாலும் எழுந்து சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும்தான் இருப்பாள். வளர்கிற பிள்ளையின் இருதயம் அப்படித் தாங்காது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு குழந்தை. 1984-ல் பகோ பக்கம் ஒரு கிராமத்தில் முதல் வேலை. இருபத்துமூன்று வயது. தன்லினில் கோவில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பெண் நான். அந்த ஊரில் பேச்சுக்குக்கூட ஒரு தமிழ் வீடு கிடையாது. மழைக்காலம். ராத்திரி ஒரு பர்மியத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுகிற முகம், சத்தமில்லை. ஊமைப்படம் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் நெஞ்சுச் சளி என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்து, விடிந்ததும் டவுனுக்கு அனுப்பலாம் என்றேன். விடியவில்லை அந்தப் பிள்ளைக்கு. அடுத்த மாதம் அதே ஊரில் இன்னொரு பிள்ளை, அதே மாதிரி. அன்று தற்செயலாக ஒரு மூத்த டாக்டர் சுற்றுப்பயணத்தில் வந்திருந்தார். பிள்ளையைப் பார்க்கவேயில்லை அவர். தாயைத் தரையில் குந்தச் சொன்னார். "கை ஊன்றாமல் எழுந்திரு" என்றார். அவளால் எழ முடியவில்லை. உடனே பிள்ளைக்கு பீ-ஒன் ஊசி. இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த நீலம் பாரித்த உதடு சிவந்து, பிள்ளை முலையைத் தேடியது. நான் வெளியே போய் நின்று அழுதேன். முந்தின மாதத்துப் பிள்ளைக்காக. அந்த ஊசி அன்றைக்கும் என் பெட்டியில் இருந்தது.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். முதல் பிரசவத்துக்குப் பிறகு என்ன சாப்பிட்டாய்? நீ எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். சோறு, உப்பு, சுட்ட கருவாடு, மிளகு, பூண்டு. கீரை கூடாது, குளிர்ச்சி. பருப்பு கூடாது, வாயு. வேர்க்கடலை கூடாது, பிள்ளைக்கு மாந்தம். பக்கத்து பர்மிய வீட்டில் மீட்வின் என்று நெருப்புச் சட்டி வைத்து, மஞ்சள் பூசி, நாற்பத்தைந்து நாள் தாயை அடைத்து வைக்கிறார்கள். நம் வீட்டில் பத்தியம். இரண்டும் ஒரே தெருவில் நூறு வருஷமாக வாழ்ந்து ஒன்றாகக் கலந்துவிட்டது. அவர்கள் விலக்குவதை நாமும் விலக்குகிறோம், நாம் விலக்குவதை அவர்களும். கடைசியில் தாய் தட்டில் மிஞ்சுவது வெள்ளைச் சோறு. வசதியான வீட்டில் பத்தியம் என்றாலும் ஈரல், முட்டை, மீன் என்று ஏதாவது உள்ளே போகும். மூட்டை தூக்குகிற வீட்டில் பத்தியம் என்றால் சோறுதான் பத்தியம்.

அந்தச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தாத்தா யாங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரையில் அரிசி மில்லில் நெல் அவித்தவர். அந்தக் காலத்தில் நம் ஜனங்களுக்குப் புழுங்கல்தான். நெல்லை அவிக்கும்போது தோலுக்கடியில் இருக்கிற பீ-ஒன் உள்ளே இறங்கிவிடும், பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போகாது. மலாயாவில் 1900-களின் தொடக்கத்தில் பிராடன் என்கிற ஆங்கில டாக்டர் இதைக் கவனித்தார். ஈயச் சுரங்கத்துச் சீனக் கூலிகள் பச்சரிசி தின்று பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், தோட்டத்துத் தமிழ்க் கூலிகளுக்கு அது அவ்வளவாக வருவதில்லை, அவர்கள் தின்பது புழுங்கல். அவருக்குப் பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு பேர் கூலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் போட்டு 1909-க்குள் அதை நிரூபித்தார்கள். பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டச்சு டாக்டர் கோழிகளை வைத்துக் கண்டதும் இதே சங்கதிதான். அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் புழுங்கல் அரிசிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நாமும் அதை விட்டுவிட்டோம். வெள்ளை வெளேரென்ற போசான் அரிசி சாப்பிட்டால்தான் கௌரவம் என்றாகிவிட்டது. ஏழை வீட்டில் போசான் இல்லை, மலிவு எமத்தா. அதுவும் நன்றாகத் தீட்டியதுதான். அதை மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டால், மிச்சம் இருப்பது வயிறு நிறைக்கும், வேறொன்றும் செய்யாது.

சரி, இனி நீ செய்ய வேண்டியது. இந்த வாரமே, அடுத்த வாரம் இல்லை, உன் ஊர் சயாமாவிடம் போ. கால் மரப்பதைச் சொல். குந்தி எழச் சொன்னால் எழுந்து காட்டு. கால் வீங்கியிருந்தால், அதோடு தலைவலி, கண் மங்கல் இருந்தால், அது வேறு விஷயம், ரத்தக் கொதிப்பு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பீ-ஒன் மாத்திரையை நம் நாட்டில் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை தினம் 10 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். உனக்கு இப்போதே கால் மரக்கிறது என்பதால் கடைசி மாதம் வரை காத்திருக்காதே. அளவை அவர்கள் பார்த்துக் கூட்டிக் கொடுப்பார்கள். கிளினிக்கில் இல்லையென்றால் கடையில் வாங்கு, மருந்துக்கடையில் ரொம்ப மலிவான மாத்திரைகளில் அதுவும் ஒன்று. உடம்புக்கு மிஞ்சியது மூத்திரத்தில் போய்விடும், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

சோற்றில்: புழுங்கல் கிடைத்தால் அது. பர்மியக் கடையில் பௌங்ஸன் என்று கேள். லோன்டீ என்கிற தீட்டாத அரிசி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள். எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கிற அரிசியை ஒரே தண்ணீர் கழுவி, கஞ்சி வடிக்காமல் பொங்கு. காலையில் தலையில் தட்டை வைத்துக்கொண்டு "பெப்யோ" என்று கூவிப் போகிறாளே, அந்த அவித்த முளைப்பயறு தினம் ஒரு கை. இந்த நாட்டில் ஏழைக்குக் கடவுள் விட்ட வழி பயறுதான். உளுந்து, பாசிப்பயறு, துவரை எல்லாம் கப்பல் ஏற்றுகிற நாடு இது, பிள்ளை பெற்றவள் தட்டில் மட்டும் இல்லை. கடலை ஒரு பிடி. பன்றிக்கறியில் பீ-ஒன் நிறைய, சாப்பிடுகிற வீடாக இருந்தால் சாப்பிடு, இல்லையென்றால் விடு. வெற்றிலை பாக்கையும் லப்பெத் என்கிற ஊறவைத்த தேயிலையையும் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை தள்ளி வை. பாக்கும் தேயிலையும் பீ-ஒன்னைக் கெடுக்கும். ஙாப்பி என்கிற மீன் விழுதை வதக்கிச் சாப்பிடு, பச்சையாக வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகு, எந்த நாள், எந்த நேரமானாலும், பால் மறுத்து, மூச்சு வாங்கி, குரல் கம்மினால், எண்ணெய் போட்டுப் பார்க்கலாம், மந்திரித்துப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம் நிற்காதே. படகோ சைக்காவோ எது கிடைத்தாலும் ஏறு. டாக்டரிடம் முதல் வார்த்தையாக "முதல் பிள்ளை இப்படித்தான் போயிற்று, பீ-ஒன் குறைவாக இருக்குமா?" என்று கேள். சின்ன டாக்டர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள், நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். நீ கேட்டால் நினைவுக்கு வரும்.

மாமியாரிடம் சண்டை போடாதே. அவர்கள் மாமியாரும் அவர்களுக்கு இதையேதான் போட்டிருப்பார்கள். "சயாமா சொன்னாங்க, மருந்து வேலை செய்யணும்னா பயறு சேர்க்கணுமாம்" என்று என் தலையில் போடு. முப்பத்தைந்து வருஷமாக எத்தனையோ மாமியார்களின் பழியை வாங்கிய தலை இது. பத்தியத்தில் பூண்டு, மிளகு, மஞ்சள் இருக்கட்டும், நான் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. சேர்க்கத்தான் சொல்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் ஒரு கடிதம் போடு. கால் எப்படி இருக்கிறது என்பதையும் எழுது, இந்த முறை முதல் வரியில்.

கேள்வி: கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் என் மருமகளுக்கு வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறது. குடலில் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிட்டோம். — மாமியார், தகேத்தா

பதில்: மறுபடி ஆரம்பியுங்கள் அம்மா. இரும்பு உள்ளே போனால் கறுப்பாகத்தான் வரும். கறுப்பு, தார் மாதிரி ஒட்டி, நாற்றமும் வயிற்றுவலியும் இருந்தால் மட்டும் காட்ட வேண்டும். வயிற்றைப் பிரட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு கொடுங்கள். உங்கள் மேஜைமேல் எப்போதும் ஒரு வெறும்டீ கூஜா இருக்குமே, அதைத்தான் மாத்திரைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேயிலை கூடாது, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் நல்லது. 2015-16 கணக்கெடுப்பில் இந்த நாட்டுப் பெண்களில் 47 சதவீதம் பேருக்கு ரத்தம் குறைவு. உங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்திக்கு இருக்கும் என்று வையுங்கள். மருமகளுக்கு இல்லையென்றால் உங்களுக்கு. நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் லைங்தாயாவில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறேன். பிள்ளைக்கு நாலு மாதம். காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரி ஏழுக்கு வருவேன். அம்மா டின் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் கொடுக்கிறார்கள். பிள்ளை குண்டாகத்தான் இருக்கிறான், ஆனால் வயிற்றுப்போக்கு அடிக்கடி. வேறு வழி இல்லை சயாமா. திட்டாதீர்கள்.

பதில்: திட்டுவேனா? பதிமூன்று மணி நேரம் வெளியே இருக்கிறவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் டின்னைத் திட்டுவேன். டீக்கடை டின் பாலில் பாதிக்குப் பாதி சர்க்கரை. மலிவு டின்னில் பாலே குறைவு, பனை எண்ணெயைக் கலக்கிப் பால் மாதிரி ஆக்கியிருப்பார்கள். குண்டு அதனால்தான். டீக்கு அது சரி, பிள்ளைக்கு இல்லை.

போவதற்கு முன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம், ராத்திரி முழுக்க அவன் கேட்கிறபோதெல்லாம் கொடு. ராத்திரிப் பால்தான் உன் சுரப்பைக் காப்பாற்றும். காலையில் கொடுத்து முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் கையாலேயே பீச்சி மூடி வை. இயந்திரம் வேண்டாம். மண்பானைத் தண்ணீருக்குள் கிண்ணத்தை நிறுத்தி வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சி. நம் வெயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதை நம்பாதே. அம்மா அதைச் சின்ன டம்ளரில், சொட்டுச் சொட்டாக ஊட்டட்டும். பாட்டிலைக் கழுவி மாளாது, வயிற்றுப்போக்கில் பாதி அந்தப் பாட்டிலில் இருக்கிறது. மத்தியானத்துக்குப் போதாது என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பிள்ளைகளுக்கென்றே உள்ள மாவுப்பால்தான், டப்பாவில் எழுதிய கரண்டிக் கணக்குப்படி, கொதித்து ஆறிய தண்ணீரில். டப்பா நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டாதே. காசு கடிக்கும். வயிற்றுப்போக்குக்கு டாக்டருக்குக் கொடுக்கிற காசையும் கூட்டிப் பார்.

வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கரைத்து ஸ்பூனால் கொடுக்க அம்மாவுக்குச் சொல்லி வை. கண் குழி விழுந்தாலோ, மூத்திரம் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. சோஷியல் செக்யூரிட்டிக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? 2012 சட்டப்படி, பணம் கட்டின தொழிலாளிக்குப் பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் லீவு உண்டு, அதற்குப் பணமும் உண்டு. அந்த இடத்தில் ஒரு வருஷ வேலையும், அதில் ஆறு மாதமாவது பணம் கட்டியதும் இருக்க வேண்டும். உனக்கு இந்தப் பிள்ளைக்குத் தவறிவிட்டது போலிருக்கிறது. உன் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கிறவள் மாசமாக இருந்தால் அவளிடம் சொல்.

கேள்வி: மாதாமாதம் பால், பிள்ளை, தீட்டு என்றே எழுதுகிறீர்களே, ஆண்களுக்கு ஒன்றும் கிடையாதா? — வாசகர், மாவ்லமைன்

பதில்: இருக்கிறது ஐயா. மேலே முதல் கடிதத்தை இன்னொரு தரம் படியுங்கள். கால் மரப்பதை எழுதச் சொன்னது யார்?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள், ரத்தம் குறைவு. கருத்தடைக்கு மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டால் தீட்டு நின்றுவிடுகிறது. அந்தக் கெட்ட ரத்தம் எங்கே போகிறது? — பெயர் வேண்டாம், தன்லின்

பதில்: எங்கேயும் போகவில்லை, உற்பத்தியே ஆகவில்லை. ஊசி மருந்து கருப்பையின் உள்பூச்சை மெல்லிசாக்கிவிடும், கழிவதற்கு ஒன்றும் இருக்காது. மூன்று பிள்ளைக்குப் பிறகு ரத்தம் குறைந்து போன உங்களுக்கு அது ஒரு லாபம்கூட. தேதி தவறாமல் போடுங்கள், கார்டைத் தொலைக்காதீர்கள். நிறுத்தினால் மறுபடி மாசமாக ஒரு வருஷம்கூட ஆகலாம், அவசரப்பட்டுப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: சயாமா, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? — பத்தாம் வகுப்பு மாணவி, யாங்கூன்

பதில்: பெற்றது ஒன்று. பிரசவம் பார்த்துக் கையில் பிடித்தது எண்ணூற்றுப் பன்னிரண்டு, நோட்டில் இருக்கிறது. பெற்றது சிங்கப்பூரில், போன் எடுப்பதில்லை. பிடித்ததில் ஒருத்தி காளி கோவில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பூவுக்குக் காசு வாங்கமாட்டேன் என்கிறாள். அவளோடுதான் எனக்கு வாராவாரம் சண்டை.